தோட்டத்தில் ஒரு பர்ன்ஸ் விருந்து: ஹாகிஸை நம் ஊர் அடுப்பில் செய்ய முடியுமா?

கொரங்காட்டான் எழுதியது:

வணக்கம்ங்க. எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோயில் பக்கம், வேலை ஸ்காட்லாந்தில், டண்டி நகரத்தில். வருகிற தை நோம்பிக்கு ஊருக்கு வருகிறேன், மாசக் கடைசி வரைக்கும் இருப்பேன். ஜனவரி 25 அன்று ராத்திரி எங்கள் தோட்டத்தில் ஒரு பர்ன்ஸ் விருந்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்குத்தான் உங்களிடம் யோசனை கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டாடுகிற கவிஞர். 1759ல் அலோவே என்கிற ஊரில், அப்பா தன் கையால் கட்டிய மண்சுவர் வீட்டில் பிறந்தார். குத்தகை நிலத்தில் ஏர் ஓட்டியவர், 1796ல் 37 வயதிலேயே போய்விட்டார். ஏர் ஓட்டும்போது ஒரு எலியின் கூடு கலைந்துபோனதற்கு மனசு கேட்காமல், அந்த எலியிடமே பேசுவதாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அவர் பிறந்த நாளன்று ராத்திரி வீடு, பள்ளிக்கூடம், கிளப் என்று பல இடங்களில் விருந்து நடக்கும். ஒருவர் பேக்பைப் என்கிற காற்றுப்பை வாத்தியத்தை வாசித்துக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் தட்டில் ஹாகிஸ் என்கிற ஆட்டுக்கறிப் பண்டம் வரும். ஹாகிஸைப் பார்த்தே பர்ன்ஸ் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதை ஒருவர் முழுசாகச் சொல்லி, கத்தியைப் பற்றிய வரி வரும்போது சரக்கென்று கீறுவார், ஆவி பறக்கும். ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளையை நினைத்து வருஷா வருஷம் இத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே என்பதுதான் அந்த ஊரோடு என்னை முதலில் ஒட்ட வைத்தது.

இந்த விருந்து முக்கியமாக எங்கள் அப்புச்சிக்காக, அம்மாவின் அப்பாவுக்காக. மேச்சேரி ஆடும் காங்கேயம் மாடுமாகவே வாழ்ந்தவர். ஃபோனில் பேசினால் சம்பளத்தைப் பற்றிக் கேட்க மாட்டார், அங்கே மழை உண்டா, ஆடு எப்படி மேய்கிறது, ராத்திரி பட்டியில் அடைப்பார்களா என்றுதான் கேட்பார். அடைக்க மாட்டார்கள் அப்புச்சி, ஓநாய் அற்றுப்போன நாடு, கறுப்பு மூஞ்சிச் செம்மறி ராத்திரியும் மலையிலேயே கிடக்கும், யார் ஆடு என்று தெரிய ரோமத்தில் சாயம் பூசி வைத்திருப்பார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார். நாய் கடித்து ஆடு சாவதையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர் எப்படி நம்புவார்? சுண்ணாம்பும் மண்ணும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் மலை மேலே வரைக்கும் ஓடுகிற படம் ஒன்றை அனுப்பினேன். ஆட்டை விட்டுவிட்டு அந்தச் சுவரைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கிளுவைப் போத்து நட்டு நட்டு, கொரங்காடு என்கிற மேய்ச்சல் காட்டின் வேலியைக் காப்பாற்றிய கை அது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை வேகவைத்துக் கொத்தி, வெங்காயம், ஓட்ஸ், கொழுப்பு, மிளகு சேர்த்து ஆட்டு வயிற்றுப்பையில் அடைத்து அவிப்பதுதான் ஹாகிஸ். நான் அங்கே கடையில் வாங்கிச் சூடு பண்ணித்தான் பழக்கம். நம் ஊர் அடுப்பில் முதலிலிருந்து செய்ய வருமா? ஓட்ஸுக்குப் பதில் கம்பு போடலாமா? அப்புறம் இன்னொரு சிக்கல், அந்தச் சமயம் வீட்டில் பாதிப் பேர் பழனிக்கு மாலை போட்டிருப்பார்கள், தைப்பூசம் முடிகிற வரை கறி கிடையாது. அவர்களுக்கு என்ன வைப்பது?

சூலூர் அக்கா எழுதியது:

தம்பி, தாராளமாக வரும். வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை என்பதால் அபர்டீனில் குடும்பம் நடத்தியவள் நான். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கூடவே நின்று ஹாகிஸ் செய்யக் கற்றுக்கொண்டேன். குடல் குழம்பும் தலைக்கறியும் ரத்தப் பொரியலும் செய்கிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை, நேரம்தான் பிடிக்கும்.

கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வையுங்க. செம்மறிதான் வேண்டும், வெள்ளாட்டில் அந்தக் கொழுப்பு வாசம் வராது. நுரையீரலை மூச்சுக்குழாயோடு சேர்த்து வாங்குங்க, வேகும்போது குழாயின் நுனியைப் பாத்திர விளிம்புக்கு வெளியே தொங்க விட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற அழுக்கு நுரையெல்லாம் அதன் வழியாக வடிந்துவிடும். எல்லாம் மெத்தென்று வெந்த பிறகு பொடியாகக் கொத்த வேண்டும், மிக்சியில் போட்டு மை மாதிரி ஆக்கிவிடாதீங்க. ஈரலில் பாதியைத் துருவிப் போட்டால் பிடிப்பு நன்றாக வரும். கொழுப்புக்குக் குண்டிக்காயைச் சுற்றி இருக்கும் கெட்டிக் கொழுப்பு.

ஓட்ஸ் விஷயம்தான் முக்கியம். நம் கடையில் கிடைக்கிற தட்டை ஓட்ஸ் போட்டால் கஞ்சியாகிவிடும். உடைத்த ஓட்ஸ் வேண்டும், அதை அங்கிருந்தே எடுத்து வாங்க. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துச் சேர்க்க வேண்டும். கம்பை நொய்யாக உடைத்து வறுத்து நானே போட்டிருக்கிறேன், ருசி நன்றாக இருக்கும், ஆனால் முழுக்கக் கம்பு என்றால் பிடிப்பில்லாமல் உதிரும். பாதிக்குப் பாதி போடுங்க. மிளகு தாராளமாக, கொஞ்சம் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மல்லி, உப்பு, அவ்வளவுதான். வரமிளகாயும் கறிவேப்பிலையும் தாளிப்பும் கிட்டவே வரக் கூடாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்க, அப்புச்சி சாப்பிட வேண்டியது அந்த ஊர் ருசியை. கறி வெந்த தண்ணீரையே ஊற்றிப் பிசைந்து பையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் அடையுங்க, ஓட்ஸ் ஊதும். தைத்துவிட்டு, ஊசியால் அங்கங்கே குத்தி, தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு தீயில் 3 மணி நேரம். பை கிடைக்காவிட்டால் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் அடைத்து இட்லிப் பானையில் அவிக்கலாம், ருசியில் குறைவு இருக்காது, ஆனால் கீறுகிற அழகு போய்விடும்.

மாலை போட்டவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். சைவ ஹாகிஸ் அங்கேயே எல்லாக் கடையிலும் இருக்கிறதே, பார்த்திருப்பீங்க. 1984ல் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறந்தபோது, அந்த விழாவுக்காக ஒரு கசாப்புக் குடும்பம் செய்து கொடுத்ததுதான் கடைச் சரக்காக வந்த முதல் சைவ ஹாகிஸ். பருப்பு, பீன்ஸ் விதை, கேரட், காளான், ஓட்ஸ் போடுவார்கள். நீங்கள் வெந்த தட்டைப்பயறு, கொஞ்சம் கொள்ளு, ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை, துருவின கேரட், அதே வறுத்த ஓட்ஸ், அதே மிளகு என்று செய்யுங்க. கொழுப்புக்கு வெண்ணெய். விரதக்காரர்கள் வெங்காயம் சேர்ப்பார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

கூட வைக்கிற மசியலுக்கு ஊட்டி உருளைக்கிழங்கு இருக்கிறது, ஸ்வீடு (swede) என்று சொல்கிற அந்த மஞ்சள் கிழங்கு நம்மிடம் இல்லை. டர்னிப்பும் கேரட்டும் சேர்த்து வேகவைத்து வெண்ணெய் போட்டு மசித்தால் நிறமும் ருசியும் கிட்ட வந்துவிடும்.

இனிப்புக்கு ஷார்ட்பிரெட், அதில்தான் நம் கை ஓங்கியிருக்கிறது. ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. ஊத்துக்குளி வெண்ணெயில் நான் போட்ட ஷார்ட்பிரெட்டை அபர்டீனிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தி சாப்பிட்டுவிட்டு வெண்ணெயின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனாள். மாவில் ஒரு கைப்பிடி அரிசி மாவு கலந்தால் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும், அது அங்கேயும் உள்ள வழக்கம்தான்.

கிளைட்கரை எழுதியது:

அண்ணா, நான் கிளாஸ்கோ, சொந்த ஊர் பீளமேடு. இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்கு வர முடியாது, அதனால் உங்கள் பதிவைப் படிக்கும்போதே தொண்டையில் ஏதோ அடைத்தது.

சமையலை அக்கா சொல்லிவிட்டார்கள், நான் ஆட்டத்தைச் சொல்கிறேன். விருந்து முடிந்ததும் எல்லோரையும் எழுப்பி நிறுத்துங்க. இங்கே கேய்லி (ceilidh) என்று நடக்கும் நடனத்தில் ஒருவர் மேடையிலிருந்து அடியைச் சொல்லிக்கொண்டே வருவார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் கை கோத்து ஆடியே ஆக வேண்டும், பாட்டி பேரனோடு ஆடுவாள், கல்யாண மாப்பிள்ளை கில்ட் என்கிற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு சமையல்காரரோடு ஆடுவார். ஒரு ராத்திரி நடுங்கிக்கொண்டு ஓரமாக நின்ற என்னைத் தெரியாத பெரியவர் ஒருவர் வரிசைக்குள் இழுத்துவிட்டார், ஆடி முடித்தபோது எனக்கு அந்த ஊரில் ஆள் இருக்கிறது என்று தோன்றியது. நம் தோட்டத்தில் அதையே ஆட வேண்டியதில்லை. வள்ளி கும்மி ஆசிரியர் யாரையாவது கூப்பிடுங்க, இப்போது வெள்ளகோயில், காங்கேயம் பக்கமெல்லாம் பெண்பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பழகியிருக்கிறார்கள். பர்ன்ஸ் பாட்டுக்கு அப்புறம் வள்ளி கும்மி வந்தால் பர்ன்ஸுக்கே பிடிக்கும், காதலைப் பாடின ஆள்தானே. பைப்புக்குத் தவிலும் நாதஸ்வரமும் போதும்.

இன்னொன்று சொல்ல ஆசை. சிறுவாணித் தண்ணீரைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், நானும் அப்படித்தான். கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். மலைக்குள் இருக்கும் கேட்ரின் ஏரியிலிருந்து வருகிற தண்ணீர், 1859ல் விக்டோரியா ராணி வந்து திறந்து வைத்தது, மோட்டார் இல்லாமல் சரிவிலேயே ஓடி வரும்படி மலையைக் குடைந்து கொண்டு வந்திருக்கிறார்கள். சோப்பு நன்றாக நுரைக்கும், டீ நிறம் தெளிவாக இருக்கும். இந்த ஊர்க்காரர்களும் தங்கள் தண்ணீரைப் பற்றி நம் ஆட்கள் மாதிரியே பேசுகிறார்கள். முடிந்தால் அப்புச்சிக்கு டண்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்க, பெட்டிக்குள் வைத்து.

நம்பியூர் வாத்தியார் எழுதியது:

தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் அப்புச்சியிடம் ஸ்காட்லாந்து ஆட்டின் கதையைப் பாதியோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரைப் போல ஆட்டோடு வாழ்ந்தவருக்கு மீதிப் பாதியும் தெரிய வேண்டும்.

மகன் என்னை வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனான். நல்ல பச்சை, ஆறு, மேலே மேகம், ஆளே இல்லை. எவ்வளவு அமைதி என்று வாய் வரைக்கும் வந்தது. அங்கே ரோசால் என்று ஒரு இடம், நடந்து சுற்றிப் பார்க்கப் பாதை போட்டிருக்கிறார்கள். புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு வீடுகளின் அடிச்சுவர் கிடக்கிறது. 1810களில் சதர்லாந்து ஜமீன் அங்கே இருந்த குடிகளை வெளியேற்றி, தெற்கிலிருந்து வந்த பெரிய ஆட்டுப் பண்ணைகளுக்கு நிலத்தை விட்டது. திரும்பி வந்துவிடக் கூடாது என்று கூரைக்கே தீ வைத்தார்கள். கொஞ்சம் பேரைக் கடற்கரையில் கல்லாங்காட்டில் குடி வைத்தார்கள், மற்றவர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். இப்படி 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடு வரைக்கும் மலைநாடு முழுக்க நடந்தது. குடியானவனை நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலை மாறி, சிறு குடிகளுக்கு நில உரிமை உறுதி ஆனது 1886 சட்டத்தில்தான்.

அங்கே ஆடு வந்து ஆளை விரட்டியது. நம் மேட்டாங்காட்டில் மழை பொய்த்த வருஷமெல்லாம் நாலு ஆடு இருந்ததால்தான் குடும்பம் ஊரில் நின்றது. ஆட்டின் மேல் குற்றம் இல்லை, நிலம் யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம். பத்து ஏக்கரோ இருபது ஏக்கரோ, கொரங்காடு குடியானவன் சொந்தக் காடு. அதனால் இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று எல்லாவற்றையும் பொருத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கப்பல் ஏறியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளைத் தேடி வருகிறார்கள். பர்ன்ஸ் பிறந்து 250 வருஷம் ஆன 2009ஆம் வருஷத்தை, உலகமெங்கும் இருக்கிற தங்கள் வம்சத்தார் ஊர் திரும்பி வரச் சொல்லி அழைக்கிற வருஷமாகவே ஸ்காட்லாந்து நடத்தியது, 2014லும் நடத்தினார்கள். ரோசாலில் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன், ஒரு அடிச்சுவர் மேல் அந்த அம்மா கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். உங்கள் விருந்தில் பாட்டுக்கு முன்னால் இதையும் இரண்டு வார்த்தை பேசுங்க.

கோபிக்காரி எழுதியது:

வாத்தியாரய்யா சொன்னது எனக்குப் புதுசு, நன்றிங்க. பெர்த் பக்கம் என் மகள் இருக்கிறாள், மே மாசம் போயிருந்தேன். எனக்குக் கண்ணில் நிற்பது வேறு.

கார்ஸ் என்று ஒரு முள்ளுப் புதர், சாலையோரம் மலைச்சரிவு எங்கே பார்த்தாலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து தேங்காய் வாசம்! பொள்ளாச்சியில் கொப்பரைக் களத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வாசமே வந்தது, தென்னையே முளைக்காத ஊரில். நான் அங்கேயே நின்றுவிட்டேன், மகள் காரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஊட்டிப் பக்கம் இதே செடியை வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து வைத்து, இப்போது அது சோலைப் புல்வெளியை அடைத்துக்கொண்டு களையாக நிற்கிறது. சொந்த மண்ணில் அதைப் பார்த்தபோது அதன் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். ராத்திரி சோறு தின்று பாத்திரம் கழுவிய பிறகும் வெளியே பகல். ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும் என்று மகள் சொல்வாள், அதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். தம்பி, அந்த இருட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் நம் தை மாச வெயிலில் கொஞ்சம் உட்காரட்டும், விருந்து, பந்தி என்று ஓடிக்கொண்டே இருக்காமல்.

அப்புறம் பிட்லாக்ரியில் டம்மல் ஆற்று அணைக்குப் பக்கத்தில் மீன் ஏறிப் போவதற்கென்றே படிப்படியாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். கடலில் வளர்ந்த சால்மன், தான் பொரித்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பி வருமாம், அணை குறுக்கே வந்ததால் அதற்கு வழி விட்டிருக்கிறார்கள். கொடிவேரியில் மீன் வறுவல் தின்று வளர்ந்த எனக்கு மீனுக்காக இத்தனை சிமெண்டு போடுவார்களா என்று ஆச்சரியம். அந்த நாட்டில் 2003 சட்டப்படி யார் காட்டுக்குள்ளும் நடந்து போகலாம், பயிரை மிதிக்காமல், திறந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அப்புச்சிக்குப் பிடிக்கிற சேதி அது என்று நினைக்கிறேன், படலைத் திறந்து போட்டுப் போகிறவர்களை எந்த ஆட்டுக்காரருக்குத்தான் பிடிக்கும்.

கொரங்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அலுவலக இடைவேளையில் படித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டேன்.

முடிவு இதுதான். தேதி 25ஐ மாற்றவில்லை. வீட்டுக்குள் சைவ ஹாகிஸ், எல்லோருக்கும். கறி ஹாகிஸ் தோட்டத்துச் சாளையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், மாலை போடாதவர்கள் மட்டும் அங்கே வந்து சாப்பிடலாம். சின்ன மாமா பையை நான் தைத்துக் கொடுக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். உடைத்த ஓட்ஸ் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்தாயிற்று.

வாத்தியாரய்யா, நீங்கள் சொன்னதை அப்படியே அப்புச்சியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த ஜமீன்காரன் இப்போதும் இருக்கிறானா என்று கேட்டார். பெரிய எஸ்டேட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, ஆனால் சில இடங்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள், எய்க் என்கிற தீவை 1997ல் அங்கே குடியிருந்தவர்கள் அப்படித்தான் மீட்டார்கள் என்று சொன்னேன். எவ்வளவு கொடுத்தார்கள், ஏக்கர் என்ன விலை என்று ஆரம்பித்துவிட்டார், மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். நம்பியூரிலிருந்து வெள்ளகோயில் தூரம் இல்லை, நீங்களே வந்து அந்த இரண்டு வார்த்தையைப் பேசினால் எங்களுக்குப் பெருமை. கோபி அம்மாவும் வர வேண்டும். கிளாஸ்கோ தம்பி, உனக்கு அன்றைக்கு வீடியோ போடுகிறேன், கும்மி ஆரம்பிக்கிற நேரத்துக்கு நீ வேலை முடிந்து வந்துவிடுவாய்தானே?

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ஊத்துக்குளி வெண்ணெயில் உப்பு இருக்காதே, ஷார்ட்பிரெட்டுக்குத் தனியாகப் போடணுமா?

சூலூர் அக்கா எழுதியது:

போடணும் கண்ணு, அரைக் கிலோ மாவுக்கு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே. வெண்ணெயில் தண்ணீர் நிற்கும், மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு எடு, இல்லாவிட்டால் மாவு இளகிவிடும். அடுப்புச் சூடு குறைவாகவே இருக்கட்டும், மேலே சிவக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் டர்னிப் வாங்க ஆள் அனுப்பினால் எனக்கும் இரண்டு கிலோ சொல்லிவிடு, 25ஆம் தேதி வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.